‘சவுண்ட் செட் – 1’

நான் சர்வேயர். நிலம் அளக்கிறவன் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது அறிமுகப்படுத்தினால் இதைச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கிறது. தீ, வெள்ளம், திருட்டு என்று ஏதாவது நடந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிவைக்கும் ஆள். போனது என்ன, அதன் மதிப்பு என்ன, பாலிசிப்படி எவ்வளவு தரலாம் என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நங்கநல்லூரில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற பெரியவரும் அவர் மனைவியும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஐந்து நாள் கழித்துத் திரும்பியிருக்கிறார்கள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நெம்பி ஆள் உள்ளே வந்திருக்கிறான். நகையெல்லாம் பேங்க் லாக்கரில். பீரோவைக் கலைத்துப் பார்த்து ஏமாந்தவன், கூடத்தில் இருந்ததை அள்ளிக்கொண்டு போய்விட்டான். எஃப்.ஐ.ஆர். நகலில் களவு போன பொருட்கள் என்ற இடத்தில் இப்படி இருந்தது: வெள்ளிக் குத்துவிளக்கு – 2, ரொக்கம் ரூ. 6,000, சவுண்ட் செட் – 1.

அந்த ‘சவுண்ட் செட்’ என்பது 1990களில் பெரியவர் ஜப்பானில் வேலை பார்த்தபோது சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய லக்ஸ்மேன் ஆம்ப்ளிஃபயரும் டெக்னிக்ஸ் ரெக்கார்டு பிளேயரும். ஸ்பீக்கர் இரண்டையும் தூக்க முடியாமல் விட்டுப் போயிருந்தான். ஆம்ப்ளிஃபயர் என்ன மாடல் என்று கேட்டேன். “முகப்பு கோல்டு கலர்ல இருக்கும் சார்” என்றார். சீரியல் நம்பர்? “அது பின்பக்கம் ஒட்டியிருக்குமே.” அந்தப் பின்பக்கம் அப்போது திருடனிடம் இருந்தது. பில் கிடையாது. அட்டைப்பெட்டி, பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதில் பாட்டுக் கேட்டவர். அதன் பெயரை முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. போட்டோ எடுத்தால் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் எடுக்கிறோம்.

செல்போன் தொலைந்தால் ஐஎம்இஐ எண்ணை வைத்து முடக்க மத்திய அரசின் தளம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே மாடலில் ஆயிரக்கணக்கில் செய்த பொருளில் இது என்னுடையது என்று காட்ட, பின் தகட்டில் இருக்கும் அந்த எண் ஒன்றுதான் உண்டு. போலீசுக்கும் எனக்கும் கோர்ட்டுக்கும் அதுதான் பிடிமானம்.

பொதுவாக நம் ஊரில் வீடு புகுகிறவன் தேடி வருவது தங்கத்தையும் ரொக்கத்தையும். பாட்டுப் பெட்டி கையில் அகப்பட்டால் எடுப்பான், அவ்வளவுதான். விலை தெரிந்து வருகிறவன் வேறு ரகம். அவன் வந்துபோன வீட்டில் பீரோ கலைந்திருக்காது. அடையாறில் ஒரு வீட்டில் ரெக்கார்டு பிளேயர் அப்படியே இருந்தது. அதன் கை நுனியில், ஊசியைத் தாங்கி நிற்கும் கார்ட்ரிட்ஜ் மட்டும் காணோம். டெனான் டிஎல்-103 போன்ற பெயர்பெற்ற கார்ட்ரிட்ஜின் எடை வெறும் 8.5 கிராம். அதைவிட உயர்ந்த ரகங்கள் ஒரு லட்சத்தையும் தாண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டே வெளியே போகலாம். அந்த வீட்டில் அதற்கு முந்தைய மாதம் ஏழெட்டுப் பேர் கூடி விடிய விடியப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் யாரென்றே வீட்டுக்காரருக்குச் சரியாகத் தெரியாது; நண்பரின் நண்பர்கள்.

அந்த கிளெய்ம் நிற்கவில்லை. காரணம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். கன்னக்களவு பாலிசியில் திருட்டு என்றால், பலத்தைப் பயன்படுத்தி உள்ளே புகுந்திருக்க வேண்டும், அல்லது அப்படி வெளியேறியிருக்க வேண்டும். அதற்கான தடயம் வேண்டும். உடைந்த பூட்டு, வளைந்த கம்பி, பெயர்ந்த நிலை இப்படி ஏதாவது. குற்றவியல் சட்டப்படி அது திருட்டாக இருக்கலாம். ஆனால் பாலிசியில் எழுதியிருக்கும் விளக்கம்தான் செல்லும் என்று 2004இல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திறந்திருந்த கதவு வழியாக வந்து எடுத்துப் போனவனுக்கு இன்சூரன்ஸ் பதில் சொல்லாது. வெறும் திருட்டையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகள் இருக்கின்றன. வாங்கும்போது கேட்டு, எழுத்தில் பார்த்து வாங்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். பொருள் காணோம் என்றதும் நம் வீடுகளில் முதலில் திரும்பிப் பார்ப்பது பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவை. என் அனுபவத்தில் அந்தப் பழி பெரும்பாலும் வீண்பழியாகத்தான் முடிந்திருக்கிறது. கார்ட்ரிட்ஜ் என்ன விலை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாம் உட்காரவைத்துக் காபி கொடுத்தவர்கள்.

அப்படியானால் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடக் கூடாதா? கூப்பிடுங்கள், கேட்பதற்குத்தானே வாங்கினோம். விலையைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டாம். புது ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியை, பெயர் வெளியே தெரியும்படி குப்பைத்தொட்டி பக்கத்தில் சாய்த்து வைக்க வேண்டாம். அதைத் தட்டையாக மடித்துப் பரணில் போடுங்கள். நாளைக்கு வீடு மாற்றும்போது உதவும். பெட்டியின் பக்கவாட்டில் பெரும்பாலும் சீரியல் நம்பரும் ஒட்டியிருக்கும்.

ஊருக்குப் போகும்போது நாமே போர்டு மாட்டிவிட்டுப் போகிறோம். வெளியே தொங்கும் பெரிய பூட்டு, கோலம் போடாத வாசல், பையில் அப்படியே கிடக்கும் பால் பாக்கெட், பகலிலும் எரியும் திண்ணை விளக்கு. பால், பேப்பரை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லி வாசல் தெளிக்க ஏற்பாடு செய்யுங்கள். உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வீடு பூட்டியிருக்கும் என்று தெரிவியுங்கள். ரோந்து போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முன்கதவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை ஒரு சின்னத் தாழ்ப்பாளிடம் ஒப்படைத்த வீடுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். நெம்பினால் பூட்டு உடைவதில்லை. மரத்தில் இறங்கியிருக்கும் முக்கால் அங்குல ஸ்குரூதான் பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஸ்குரூவை நீளமாக மாற்றுவதற்கு ஒரு தச்சருக்கு அரை மணி நேரம் போதும்.

கேமரா போட்டிருக்கிறோம் என்பார்கள். பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி எங்கே என்று கேட்டால், டிவிக்குக் கீழே, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே. திருடன் ஆம்ப்ளிஃபயரோடு தன் படத்தையும் சேர்த்து எடுத்துப் போகிறான். அந்தப் பெட்டியைக் கண்ணில் படாத வேறு அறைக்குக் கொண்டுபோங்கள், அல்லது பதிவு வெளியே இணையத்தில் சேரும்படி செய்யுங்கள்.

பூட்டக்கூடிய அலமாரிக்குள் கருவிகளை வைப்பது நல்ல யோசனைதான். ஒரு எச்சரிக்கை: ஆம்ப்ளிஃபயருக்குக் காற்று வேண்டும். பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழல்கள் வைத்த வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் கேட்கவே வேண்டாம், அடுப்பு மாதிரி கொதிக்கும். கதவைச் சாத்தி ஓடவிட்டால் திருடன் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்த மாதிரி. கேட்காதபோது மட்டும் பூட்டுங்கள், பின்பலகையில் காற்றுப்போக்கு விடுங்கள். கனமான ஸ்பீக்கரைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. எடைதான் அதற்குக் காவல்.

சரி, இன்சூரன்ஸ். “வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கே சார்” என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் விற்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு அது அருமையான பாலிசி. கட்டடத்துக்கு எடுத்தால், உள்ளே இருக்கும் பொருட்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியல் கேட்காமலே கொடுக்கிறது. ஆனால் திருட்டு என்று வரும்போது, பாலிசியில் சொன்ன ஒரு விபத்து நடந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடந்த திருட்டை மட்டும்தான் அது ஏற்கும். வெள்ளம் புகுந்து வீட்டை விட்டு ஓடினீர்கள், அந்தச் சந்தில் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றால் சரி. சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் அதில் ஒரு ரூபாய் வராது. கன்னக்களவுக்குத் தனியாகவோ, ஹவுஸ்ஹோல்டர் பாலிசியில் ஒரு பிரிவாகவோ எடுக்க வேண்டும்.

அப்படி எடுக்கும்போது பிரீமியத்தைக் குறைக்கப் பொருள் மதிப்பைக் குறைத்துக் காட்டுவார்கள். இந்தப் பிரிவில் பல பாலிசிகளில் ஆவரேஜ் விதி உண்டு. வீட்டில் 10 லட்சத்துக்குப் பொருள் இருக்கிறது, 5 லட்சத்துக்குத்தான் எடுத்தீர்கள் என்று வையுங்கள். 2 லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயர் போனால் கைக்கு வருவது ஒரு லட்சம். பாக்கிப் பாதிக்கு நீங்களே பொறுப்பு. வீடு தொடர்ந்து எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கும். சிலவற்றில் 7 நாள், சிலவற்றில் 30 நாள். அமெரிக்காவில் மகனைப் பார்க்க ஆறு மாதம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

தேய்மானத்தைப் பற்றி என் தவறு ஒன்றையே சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ரெக்கார்டு பிளேயருக்கு மிக்ஸிக்குப் போடுகிற மாதிரி ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கழித்து, கடைசியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். வீட்டுக்காரர் என்னிடம் கோபப்படவில்லை. அந்த விலைக்கு எனக்கு ஒன்று வாங்கித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற கருவி பழசானாலும் நல்ல விலைக்குக் கைமாறுகிறது என்று. இதை எல்லா சர்வேயரும் தெரிந்துவைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலிசி எடுக்கும்போதே ஒவ்வொரு கருவியின் பெயரையும் மாடலையும் மதிப்பையும் பட்டியலாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய இசைத்தட்டுகள் நிறைய இருந்தால் அவற்றுக்கும் சேர்த்து.

திருட்டு நடந்துவிட்டால் எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள், கைரேகை எடுக்கும் வரை. 112க்கோ ஸ்டேஷனுக்கோ சொல்லிவிட்டு, அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். உடைந்த கதவை அவசரமாகச் சரிசெய்ய வேண்டியிருந்தால், முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்ததும் வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறார்கள். அது மனு பதிவானதற்கான ரசீது; கிளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. புகாரில் ‘சவுண்ட் செட்’ என்று எழுதாமல் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், நிறம், எந்த மூலையில் எந்தக் கீறல் என்பது வரை எழுதிக் கொடுங்கள்.

நங்கநல்லூர் பெரியவருக்கு நான் செய்த ஒரே உதவி, “இதைக் கடைசியாகப் பழுது பார்த்தது யார்?” என்று கேட்டதுதான். மேற்கு மாம்பலத்தில் ஒரு மெக்கானிக். அவர் வைத்திருந்த நீள நோட்டில், இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில், மாடலும் சீரியல் நம்பரும் இருந்தன. அதைக் கூடுதல் மனுவாக எழுதி ஸ்டேஷனில் கொடுத்தோம். மெக்கானிக் தன் தொழில்காரர்கள் வாட்ஸ்ஆப் குழுவிலும் போட்டார்.

நாற்பது நாள் போல ஆகியிருக்கும். தாம்பரம் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் ஒரு லக்ஸ்மேன் ரிப்பேருக்கு வந்திருக்கிறது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். பெரியவர் அதற்காக ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். அது கனமாக இருந்ததால் திருடன் விட்டுவிட்டான். வாங்கினவன் நேராக 230 வோல்ட்டில் செருகியிருக்கிறான். ஃப்யூஸ் போயிருக்கிறது. பெரிய ஃப்யூஸாகப் போட்டு மறுபடி செருகியதில் உள்ளே கருகிவிட்டது. மெக்கானிக் பின்பக்கம் திருப்பி நம்பரைப் பார்த்தார், குழுவில் வந்ததோடு ஒப்பிட்டார், போன் செய்தார்.

வாங்கினவனுக்குப் பாதி விலை கொடுத்ததே பெரும் லாபமாகத் தெரிந்திருக்கிறது, பில் கேட்கவில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கினால் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 317வது பிரிவு வாங்கினவன் மேல் பாயும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் நம்பர் தகடு சுரண்டப்பட்ட பொருளைத் தொடவே வேண்டாம்.

கிடைத்த பொருள் உடனே வீட்டுக்கு வராது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்க வேண்டும். கைப்பற்றிய பொருட்கள் ஸ்டேஷனில் நீண்ட நாள் கிடக்கக் கூடாது என்று 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி மனுப் போடுங்கள். ஈரமான அறையில் இரண்டு மழைக்காலம் கிடந்தால் ஆம்ப்ளிஃபயரின் உள்ளே பச்சை பூத்துவிடும். பெரியவரின் ரெக்கார்டு பிளேயர் இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் நம்பர் எந்த நோட்டிலும் இல்லை.

இன்று இரவு ரேக்கைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மொபைல் டார்ச்சை அடித்து, ஒவ்வொரு கருவியின் பின் தகட்டையும் படம் எடுங்கள். பில் இருந்தால் அதையும். உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டு லேப்டாப்பில் மட்டும் வைத்தால் அதுவும் சேர்ந்து போகும். அடையாளத்துக்கு உள்ளே பெயர் எழுத ஆசைப்பட்டால் அடுத்த சர்வீஸின்போது மெக்கானிக்கிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்; வால்வு ஆம்ப்ளிஃபயரை நீங்களே திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். பின்பக்கம் தூசி படிந்திருக்கும். துடைத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் 3 எது 8 எது என்று எனக்குத் தெரியாது.