சொல் விளக்கம்: திரித்துவமும் மனிதராதலும்

பிதா, சுதன், தூய ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்னும் கிறிஸ்தவக் கோட்பாட்டின் பெயரான 'திரித்துவம்' கொழும்பில் கிறிஸ்தவர் அல்லாதவருக்கும் பழகிய சொல். கண்டியிலுள்ள கல்லூரியின் தமிழ்ப் பெயரிலேயே அது இருக்கிறது. சிங்களத்திலும் அதே வடசொல்தான் வழங்குகிறது. 'த்ரி' என்றால் மூன்று, 'த்வ' என்றால் தன்மை. நேர்ப்பொருள்: மூன்றாயிருக்கும் தன்மை. எது மூன்று, எது ஒன்று என்பதை இச்சொல் சொல்வதில்லை. சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் 'திரியேகம்' அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதில் 'ஏக' சேர்ந்திருக்கிறது. தமிழ் வேரிலிருந்து வந்த 'மூவொருமை' அதையே இன்னும் தெளிவாகச் சொல்கிறது. எழுத்தில் ஆள வேண்டிய சொல் இதுதான். பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்களின் 'தமதிரித்துவம்' இன்றும் மூத்தோர் வாயில் இருக்கிறது. அதைத் திருத்தத் தேவையில்லை.

இச்சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால், மூவொருமையும் இறைமகன் மனிதரானதும் ஏன் பிரிக்கமுடியாதவை என்பது புரியும். கி.பி. 180 அளவில் அந்தியோக்கியாவின் தெயோப்பிலு கிரேக்கத்தில் 'திரியாஸ்' என்று எழுதினார். இலத்தீனில் 'திரினித்தாஸ்' என்பதை நிலைபெறச் செய்தவர் கார்த்தேஜின் தெர்த்துல்லியன். 213 அளவில் பிராக்சேயாஸ் என்பவரை மறுத்து எழுதியபோதே அவர் இதை விரிவாக விளக்கினார். பிராக்சேயாஸ் சொன்னது என்ன? பிதாவும் சுதனும் ஒருவரே. ஆகவே பிதாவே மரியாவிடம் பிறந்தார், பிதாவே சிலுவையில் பாடுபட்டார் என்பது. அப்படியானால் கெத்சமனியில் இயேசு யாரை நோக்கிச் செபித்தார்? மனிதராகிப் பாடுபட்டவர் யார் என்ற இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் 'ஒரே பொருள், மூன்று ஆட்கள்' என்ற வரையறை உருவானது ('பொருள்' என்பது இங்கே அர்த்தமல்ல, உள்ளியல்பு). பிறந்தவரை அறியப்போய் மூவரை அறிந்தது திருச்சபை.

'ஆள்' என்பதில் சற்று நிற்கவேண்டும். இலத்தீன் 'பெர்சோனா' நாடக முகமூடியையும் குறித்த சொல். முகமூடி என்றே எடுத்துக்கொண்டால், ஒரே கடவுள் மூன்று வேடம் போடுகிறார் என்றாகிவிடும்; சபெல்லியு பெயரால் அறியப்படும் தவறு அது. நம் பேச்சுவழக்கில் 'மூன்று ஆட்கள்' என்றால் தனித்தனியான மூன்று பேர்; அது மூன்று தெய்வங்களில் கொண்டுபோய் விடும். ஆகவே மறைக்கல்வி வகுப்பில் 'ஆள்' என்று சொன்ன உடனேயே 'ஒரே பொருள்' என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 'மும்மூர்த்தி' என்று விளக்குவது பொருந்தாது. படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் அல்லர் இவர்கள். உலகை நோக்கிய செயலெல்லாம் மூவருக்கும் ஒன்றே.

அப்படியானால் மனிதரானதும் மூவருமா? இல்லை. அச்செயலைச் செய்தவர்கள் மூவர். மனிதரானவர் மகன் ஒருவரே. பழைய உவமையொன்று உண்டு: மூவர் சேர்ந்து தம்முள் ஒருவருக்கு ஆடை அணிவிக்கிறார்கள், அணிந்திருப்பவர் ஒருவர்தான். உவமை இதற்கு மட்டுமே உதவும். ஆடையைக் கழற்றலாம், ஏற்ற மனிதத்தை மகன் கழற்றவில்லை.

இனி 'அவதாரம்'. கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் மாதா கோயிலும் சைவக் கோயிலும் அயலயலாக இருப்பதால் இச்சொல் எல்லாருக்கும் தெரியும். அதுவே அதன் வசதியும் சிக்கலும். 'அவ' கீழே, 'த்ரு' கடத்தல்; அவதாரம் என்றால் இறங்கிவருதல். வைணவத்தில் அது யுகந்தோறும் நிகழும். மச்சமாகவும் கூர்மமாகவும் அமையும். கிறிஸ்தவக் கோட்பாட்டிலோ ஒரே முறை, மனிதராக மட்டும், என்றைக்குமாக. பழைய நூல்களின் 'மனுஷாவதாரம்' வாசலைத் திறந்துவிட்டது உண்மைதான், ஆனால் விளக்கம் இல்லாமல் அதைத் தனியே விடமுடியாது.

மூலச்சொல் இலத்தீன் 'இன்கார்னாசியோ'. 'காரோ' என்றால் ஊன். 'ஊனாதல்' என்பதே நேர்பெயர்ப்பு. யோவான் 1:14 அதன் வேர். 1759இலேயே பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு கொழும்பில் அச்சாகிவிட்டது. அவ்வசனத்துக்குத் தமிழ் தேடும் பணி இந்நகருக்குப் புதிதல்ல. இன்று சீர்திருத்தச் சபைகள் வாசிப்பது 'அந்த வார்த்தை மாம்சமாகி'. கத்தோலிக்கர் வாசிப்பது 'வாக்கு மனிதர் ஆனார்'. முன்னது மூலத்துக்கு நெருக்கம், பின்னது பொருளுக்கு நெருக்கம்.

தமிழில் செய்யும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஏதாவதொரு பக்கம் சாயும். 'மனுவுரு எடுத்தல்' என்றால் வெறும் தோற்றம் என்று படும். 'உடலெடுத்தல்' என்று மட்டும் சொன்னால், கிறிஸ்துவுக்கு உடல் இருந்தது, மனித அறிவுள்ள ஆன்மா இல்லை என்ற அப்பொல்லினாரின் தவறுக்கு இடமாகும். 'மனிதராதல்' என்றால், அரிசி சோறானது போல, முன்னிருந்த தன்மை போய்விட்டதோ என்று கேட்கத் தோன்றும். இதற்கெல்லாம் விடை 451இல் ஆயர்கள் கூடிய கல்செதோன் பொதுச்சங்கம் தந்தது: ஒரே ஆள், இறைத்தன்மை, மனிதத்தன்மை என்ற இரு சுபாவங்கள், கலவாமலும் மாறாமலும் பிளவுபடாமலும் பிரியாமலும். ஆகவே 'மனிதராதல்' என்பதையே கொள்ளலாம், எழுவாயை விடாத வரை. 'கடவுள் மனிதரானார்' பிழையல்ல. ஆனால் கற்பிக்கும்போது 'மகனாகிய கடவுள், கடவுளாயிருந்துகொண்டே, மனிதரானார்' என்று முழுவதும் சொல்லவேண்டும். 'மகன்' என்ற சொல் விழுந்தால் பிராக்சேயாஸ் திரும்பி வந்துவிடுவார்.

நிசேயா விசுவாச அறிக்கை இதனால்தான் இரண்டு வினைகளை அடுத்தடுத்து வைக்கிறது: 'உடல் எடுத்து மனிதர் ஆனார்'. ஒன்றின் குறையை மற்றது அடைக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் இவ்விடத்தில் எல்லாரும் தலைவணங்குவர். வருடத்தில் இரண்டு நாட்களில் முழந்தாளிடுவர். ஒன்று நத்தார். போர்த்துக்கேய 'நத்தால்' நமக்குத் தந்த பெயர் அது, பொருள் பிறப்பு. மற்றது மார்ச் 25, மரியா கருவுறுவார் என்று வானதூதர் அறிவித்ததை நினைவுகூரும் மங்கள வார்த்தைத் திருநாள். மகன் மனிதரானதை அன்றிலிருந்துதான் எண்ண வேண்டும். நத்தாருக்கு அப்போது இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.