என்கிளிட்டிக்: தமிழில் 'சார்சொல்'

என்கிளிட்டிக் என்றதும் மிரள வேண்டாம், இதன் உறவுக்காரச் சொல் ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கிறது. கிரேக்கத்தில் 'கிளினெய்ன்' என்றால் சாய்தல், சாய்ந்து படுக்கும் கட்டில் 'கிளினே', அதிலிருந்து வந்ததுதான் கிளினிக். தனக்கென்று அழுத்தம் இல்லாமல், முன்னால் நிற்கும் சொல்மேல் சாய்ந்து ஒலிக்கும் குட்டிச் சொல்தான் என்கிளிட்டிக்.

செக், ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளில் சொற்களை இஷ்டப்படி இடம் மாற்றலாம் என்பார்கள். செக் மொழியில் இந்தக் குட்டிகளிடம் அது செல்லாது. 'தல் ஸெம் மு தொ' என்றால் அவனுக்கு அதைக் கொடுத்தேன்: 'தல்' கொடுத்தல், 'ஸெம்' நான் என்று காட்டும் துணைவினை, 'மு' அவனுக்கு, 'தொ' அதை. நேற்று என்று தொடங்கினால் 'ஃப்செரா ஸெம் மு தொ தல்'. சரி, துணைவாக்கியம் ஆக்கினால்? 'வீம், ஜெ ஸெம் மு தொ தல்', அதாவது கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும். 'ஜெ' நம் 'என்று' செய்கிற வேலையைச் செய்கிறது, ஆனால் துணைவாக்கியத்தின் தலையில் வந்து நிற்கும். வினை கடைசிக்கு ஓடினாலும் மூன்று குட்டிகளும் அதே வரிசையில் இரண்டாம் இடத்திலேயே இருப்பதைப் பாருங்கள், எனக்கு இது சலிக்கவே இல்லை. பழைய இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இந்த இரண்டாமிடப் பழக்கம் இருந்ததை 1892இல் விரிவாகக் காட்டியவர் சுவிஸ் அறிஞர் யாக்கோப் வாக்கர்நாகல்.

ரஷ்யன் இவற்றில் பலவற்றைத் தொலைத்துவிட்டது, ஆனால் 'லி' என்ற கேள்விக் குட்டி இருக்கிறது. 'நி ஸ்னாயு, ப்ரித்யோத் லி ஓன்' என்றால் அவன் வருவானா என்று தெரியவில்லை. 'ஓன் லி ப்ரித்யோத்' என்றால் வருவது அவனா என்று. நம் 'ஆ' போலவே, எதைக் கேட்கிறோமோ அதில் போய் ஒட்டிக்கொள்கிறது!

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்கும், தமக்கென இயல்பில்லை என்று தொல்காப்பியம் சொல்லும் 'இடைச்சொல்' கிட்டே வருகிறது, ஆனால் அதில் வேற்றுமை உருபுகள்கூட அடங்கும், அது ரொம்ப அகலம். 'மிதவை ஒட்டு' என்றும் எழுதுகிறார்கள். எந்தச் சொல்லிலும் போய் ஒட்டும் நம் ஏ, தான், ஆ போன்றவற்றுக்கு அது அழகாகப் பொருந்தும், ஆனால் செக் குட்டிகள் மிதப்பதில்லையே. அதனால் நான் 'சார்சொல்' என்றே எழுதுகிறேன். சார்தலில் சாய்வதும் உண்டு, அண்டி நிற்பதும் உண்டு, சார்பெழுத்து என்று முன்னோர் பழக்கிவைத்த வழியும் உண்டு. செக்காரர்களும் கிரேக்கச் சொல்லோடு நின்றுவிடாமல், சாய்தல் என்ற தங்கள் வினையிலிருந்தே 'ப்ர்ஷீக்லொன்கா' என்று ஆக்கிக்கொண்டார்கள்.