மேல்காற்றை எதிர்க்கும் தட்டு: ஓவர்ஸ்டேபிள் டிரைவரைத் தேர்ந்தெடுப்பதும் எறிவதும்

ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசும்போது ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு பொட்டல் வெளியில் மேற்கே பார்த்து நின்று, கடைகளில் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வீசிப் பாருங்கள். கொஞ்ச தூரம் நேராகப் போகும். பிறகு இடது விளிம்பு மெல்ல மேலெழும், அடிப்பாகம் வெளியே தெரியும். அந்த அடிப்பாகத்தைக் காற்று பிடித்துக்கொண்டதும் தட்டு எகிறி, வீசியவரின் தலைக்கு மேலே போய்ப் பின்னால் விழும். அதே இடத்தில், அதே கையால், டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் தூர எறிக்குப் பயன்படும் ஓவர்ஸ்டேபிள் டிரைவர் என்ற தட்டு ஒன்றை எறிந்தால் அது தாழ்வாக, காற்றைக் கிழித்துக்கொண்டு போய், கடைசியில் இடப்பக்கம் திரும்பித் தரையிறங்கும்.

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில் பந்தும் மட்டையும் கிடையாது. சங்கிலி தொங்கும் கூடை ஒன்றுக்குள் தட்டை எத்தனை குறைந்த எறிகளில் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் எட் ஹெட்ரிக் 1970-களில் இந்தச் சங்கிலிக் கூடையை உருவாக்கினார். 1976-இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமும் தொடங்கியது. 1983-இல் இன்னோவா நிறுவனம் கொண்டுவந்த ஈகிள் என்ற தட்டு ஆட்டத்தையே மாற்றியது. விளிம்பைச் சீவிக் கூராக்கியிருந்ததால் காற்றின் இழுவை குறைந்து, தட்டு வெகுதூரம் போனது. இன்றைய டிரைவர்கள் எல்லாம் அந்தக் கூர் விளிம்பின் வாரிசுகள்.

ஓவர்ஸ்டேபிள் என்ற பெயரைக் கேட்டு, ஆடாமல் அசையாமல் நேராகப் போகும் தட்டு என்று எண்ணிவிடக் கூடாது. வலது கையால் பேக்ஹேண்ட் எறியும்போது, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும்போது, வேகமாகப் போகும் கட்டத்திலும் வலப்பக்கம் சாய மறுத்து, வேகம் குறைந்ததும் அழுத்தமாக இடப்பக்கம் விழுவதுதான் ஓவர்ஸ்டேபிள் தட்டு. இடது கையால் எறிபவர்களும், வலது கையால் ஃபோர்ஹேண்டாக, அதாவது உடலின் வலப்பக்கத்திலிருந்தே, எறிபவர்களும் இந்தக் கட்டுரையில் வரும் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படிக்க வேண்டும்.

இந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது அச்சை ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். சாய்க்க நினைத்த பக்கம் சாயாமல், அதற்குக் குறுக்கே சக்கரம் திமிறித் திரும்பும். சுழலும் எந்தப் பொருளுக்கும் இந்தக் குணம் உண்டு. வலுவான கையிலிருந்து புறப்படும் தட்டு நிமிடத்துக்கு 1000 சுற்றுகளுக்கு மேல் சுழல்வதால், அதன் மூக்கை, அதாவது முன் விளிம்பை, காற்று மேலே தூக்க முயன்றால் மூக்கு எழாது, தட்டு இடப்பக்கம் சாயும். மூக்கைக் கீழே அமுக்க முயன்றால் வலப்பக்கம் சாயும். வலது கை பேக்ஹேண்டில் தட்டு மேலிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில் சுழல்வதால் திசைகள் இப்படி அமைகின்றன.

தட்டின் எடை நடுவில் மையம் கொண்டிருக்கிறது. காற்று தரும் தூக்குவிசையோ எப்போதும் நடுவிலேயே நிற்பதில்லை. வேகமாக, கிட்டத்தட்டத் தட்டையாகப் பறக்கும்போது அந்த விசை நடுவுக்குப் பின்னால் நகர்ந்தால், வால் தூக்கப்பட்டு மூக்கு அமுக்கப்படும், விளைவு வலச்சாய்வு. இதை ஆட்டக்காரர்கள் டர்ன் என்கிறார்கள். வேகம் குறைந்ததும் தட்டு கீழிறங்கத் தொடங்கும். தட்டின் முகம் மாறாமல் பாதை மட்டும் கீழ்நோக்கி வளைவதால், காற்று அடியிலிருந்து கூடுதல் கோணத்தில் மோதும், தூக்குவிசை முன்னுக்கு நகரும், மூக்கு தூக்கப்படும்; விளைவு இடச்சாய்வு. இது ஃபேட். முதல் கட்டத்தில்கூட விசையைப் பின்னுக்கு நகர விடாதபடி விளிம்பு அமைந்த தட்டே ஓவர்ஸ்டேபிள்.

எதிர்காற்றில் இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது ஒரு சின்னக் கணக்கில் புரிந்துவிடும். தட்டு நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். எதிரே நொடிக்கு 10 மீட்டர், அதாவது 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. தட்டு உணரும் காற்றின் வேகம் 35 மீட்டர். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், 35-இன் வர்க்கத்தை 25-இன் வர்க்கத்தால் வகுத்தால் 1.96. காற்றில்லாத நாளோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விசை. சுழற்சியோ கை கொடுத்த அதே அளவுதான். ஆகவே வலப்பக்கம் கொஞ்சம் சாயும் குணமுள்ள தட்டு இரண்டு மடங்கு வேகத்தில் சாய்ந்து, திரும்பி எழ முடியாமல் கவிழ்ந்துவிடும். அதே காற்று முதுகுப் பக்கம் இருந்தால் தட்டு உணர்வது 15 மீட்டர் மட்டுமே, விசை 0.36 மடங்கு. தூக்குவிசை போதாமல் தட்டு சீக்கிரமே இறங்கி இடப்பக்கம் திரும்பிவிடும். பின்காற்றில் ஓவர்ஸ்டேபிள் டிரைவரை எடுப்பது பெரும்பாலும் தவறு.

நம் தமிழக, கேரள எல்லையோர ஊர்களுக்கு இந்தக் கணக்கு தினசரி உண்மை. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில். அந்த மதிலில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மூன்று வாசல்கள். குறுகிய வழியில் நெருக்கிக்கொண்டு வரும் காற்று வேகமெடுக்கும். பொள்ளாச்சி, உடுமலை, தென்காசி, முப்பந்தல் வட்டாரங்களில் காற்றாலைகளை நட்டது அதனால்தான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே மேற்கு நோக்கி எறிவது என்றாலே எதிர்காற்றுதான்.

காற்றின் வேகத்தை அறியக் கருவி தேவையில்லை. புழுதியும் காகிதமும் பறந்தால் 20 முதல் 28 கிலோமீட்டர். இலை அடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் 29 முதல் 38. பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கச் சிரமமானால் 39 முதல் 49. முதல் நிலையிலேயே நேராகப் போகும் தட்டைப் பைக்குள் வைத்துவிட்டு ஓவர்ஸ்டேபிளை எடுக்கலாம். மூன்றாம் நிலையில் எதிர்காற்றில் வேறு எதையும் எறிய வேண்டாம்.

தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். இன்னோவா ஃபயர்பேர்டுக்கு 9, 3, 0, 4. அதே நிறுவனத்தின் டெஸ்ட்ராயருக்கு 12, 5, மைனஸ் 1, 3. லெப்பர்டுக்கு 6, 5, மைனஸ் 2, 1. ஓவர்ஸ்டேபிள் வேண்டும் என்றால் மூன்றாவது எண் 0 அல்லது அதற்கு மேலும், நான்காவது எண் 3 அல்லது அதற்கு மேலும் இருக்க வேண்டும். முதல் எண்ணை வைத்து, இந்தத் தட்டு அவ்வளவு வேகமாகப் போகும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வேகத்தை நாம் கொடுத்தால்தான் தட்டு சொன்னபடி பறக்கும் என்பதே அதன் பொருள். எண் ஏற ஏற விளிம்பு அகலமாகும், பிடிக்கவும் சிரமமாகும். விதிப்படி விளிம்பின் அகலம் 2.6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது.

காற்றில்லாத காலையில் உங்கள் சராசரி எறி 75 மீட்டருக்குள் என்றால் வேகம் 7 முதல் 9 வரை போதும். 90 மீட்டர் வரை 9. நூறு மீட்டரைத் தாராளமாகத் தாண்டுபவர் மட்டும் 11, 12 பக்கம் போகலாம். தூரத்தை அளக்க, கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். நான்கு பிட்ச் நீளம் 80 மீட்டர். முதல் ஓவர்ஸ்டேபிள் தட்டாக 12, 13 வேகத்தில் ஒன்றை வாங்குவது வீண் செலவு. கை வேகம் போதாதபோது அது கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே இடப்பக்கம் சரிந்து விழும். 9 வேகத்தில் ஃபேட் 4 உள்ள தட்டு, கை கொஞ்சம் தளர்ந்த நாளிலும் தன் வேலையைச் செய்யும். இந்தக் காற்று நாட்டில் பைக்குள் ஒரே ஒரு ஓவர்ஸ்டேபிள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அதுதான் சரியான தேர்வு.

ஒரே அச்சில் வார்த்த தட்டுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டையும் கடப்பா கல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைக் கல்லின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். மூக்கைச் சுற்றி, மேல் பாதியும் கீழ் பாதியும் சந்திக்கும் கோடு ஒன்று ஓடும். எந்தத் தட்டில் அந்தக் கோடு கல்லிலிருந்து உயரமாக இருக்கிறதோ அதுவே அதிக ஓவர்ஸ்டேபிள். மூக்கு உயர்ந்திருந்தால் எதிரே வரும் காற்றில் கூடுதல் பங்கு அடியில் புகுந்து மூக்கைத் தூக்கும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடப் பறப்பில் தெரியும். மேற்பரப்பு கவிழ்த்த கிண்ணம்போல் இல்லாமல் சப்பையாக இருப்பதும் பொதுவாக நல்ல அறிகுறி; அப்படிப்பட்ட தட்டு மிதக்காது, காற்றும் அதை எளிதில் தூக்காது.

எடையில் 170 கிராமுக்குக் குறையாமல் எடுங்கள். விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பது விதியின் உச்சவரம்பு, 21.1 செ.மீ. தட்டுக்கு 175 கிராம் வரும். பிளாஸ்டிக்கில் விலை குறைந்த வகை கைக்கு நன்றாகப் பிடிபடும், ஆனால் நாலு முறை கல்லில் பட்டால் மூக்கு மழுங்கிவிடும். இந்த வேலைக்குக் கொஞ்சம் விலை கூடிய கெட்டி வகையே தாங்கும்.

இனி எறிவது. எதிர்காற்றில் இலக்குக்குக் கொஞ்சம் வலப்பக்கம் குறி வையுங்கள், ஏனென்றால் கடைசியில் தட்டு இடப்பக்கம் வரப்போகிறது. நான்கு விரல்களும் விளிம்பின் உள்பக்கம் மடங்கியிருக்க, கட்டைவிரல் மேலே அழுத்தியிருக்க வேண்டும். தட்டு மட்டமாகவோ, வெளி விளிம்பு இடப்பக்கம் 5, 10 பாகை தாழ்ந்தோ கையை விட்டுக் கிளம்பட்டும். உயரம் 3, 4 மீட்டரைத் தாண்ட வேண்டாம். மூக்கு துளி நிமிர்ந்தாலும் காற்று அடியில் புகுந்து, தட்டு பலூன்போல எழும்பி, நின்று, இடப்பக்கம் வெகுதூரம் அடித்துக்கொண்டு போய்விடும். ஓவர்ஸ்டேபிள் தட்டு தூரம் போகவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி இந்த நிமிர்ந்த மூக்குதான். எறியும்போது மணிக்கட்டை மேலே நிமிர்த்தாமல் சற்றுத் தாழ்த்தி, கட்டைவிரலை விளிம்பின் வெளிப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் மூக்கு தாழும்.

இன்னொரு கோளாறு, கிளம்பும்போதே தட்டு படபடவென்று ஆடுவது. பலத்தைக் கூட்டினால் ஆட்டமும் கூடும். முக்கால் பலத்தில், கையை மார்போடு ஒட்டி ஒரே மட்டத்தில் இழுத்துப் பழகினால் ஆட்டம் அடங்கும்.

பக்கக்காற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். கடைசிக் கட்டத்தில் தட்டு இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் அதன் முதுகு இடப்பக்கமும் வயிறு வலப்பக்கமும் பார்க்கும். இடமிருந்து காற்று அடித்தால் முதுகில் பட்டுத் தரையில் அமுக்கும். தட்டு சீக்கிரம் விழும், ஆனால் விழுந்த இடத்தில் நிற்கும். வலமிருந்து அடித்தால் வயிற்றில் ஏந்திக்கொண்டு இடப்பக்கம் இழுத்துப் போகும். அப்போது வலப்பக்கம் இன்னும் தள்ளிக் குறி வைக்க வேண்டும்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் மரங்கள் 25 அடி இடைவெளியில் நூல் பிடித்ததுபோல் நிற்கும். ஒரு வரிசையைச் சுற்றி இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றால், 30 பாகை சாய்த்து எறிந்த ஓவர்ஸ்டேபிள் டிரைவர் மரத்தைச் சுற்றி வளைந்து வரும். நேராகப் போய் மிதந்து இறங்க வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம், வலது விளிம்பைத் தாழ்த்தி 15 பாகையில் எறிந்தால், தட்டு முதலில் வலம் போய், தானே நிமிர்ந்து, பிறகு இடம் திரும்பும். பாகை கூடிவிட்டால் நிமிர நேரமில்லாமல் தரையில் உருண்டோடும். காய்ந்த செம்மண் கட்டாந்தரையில் தாழ்வாக வரும் தட்டு தரையில் பட்டு இடப்பக்கம் இன்னும் சில மீட்டர் சறுக்கும்; அதையும் குறிக்குள் சேர்க்க வேண்டும். குற்றாலச் சாரலில் தரையும் தட்டும் நனைந்திருக்கும்போது கை வழுக்கும் என்பதால், ஒவ்வொரு எறிக்கும் முன் விளிம்பின் உள்பக்கத்தைத் துண்டால் துடைத்தாக வேண்டும். வீசும் திசையில் ஆளோ மாடோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு எறியுங்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 175 கிராம் பல்லை உடைக்கும்.

மலை ஏறினால் கதை மாறும். சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. அதே வேகத்தில் எறிந்தாலும் தூக்குவிசை அந்த அளவு குறையும், தட்டு சீக்கிரம் இறங்கத் தொடங்கும், ஃபேட் முன்கூட்டியே வரும். சமவெளியில் நேராகப் போன தட்டு அங்கே கொஞ்சம் ஓவர்ஸ்டேபிள்போல் நடந்துகொள்ளும், ஃபயர்பேர்டு போன்றது இன்னும் முரடாகும்.

தட்டும் வயதாகி மாறும். கல்லிலும் மரத்திலும் பட்டுப் பட்டு மூக்குக் கோடு கீழிறங்க, ஓவர்ஸ்டேபிள் குணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மாதம் ஒருமுறை, காற்றில்லாத விடியலில், பழையதையும் புதியதையும் 60 மீட்டருக்குப் பத்துப் பத்து எறி எறிந்து, விழுந்த இடங்களில் கல் வைத்துப் பாருங்கள். பழையது விழும் இடங்கள் புதியதைவிட 4, 5 மீட்டர் வலப்பக்கமாகவே தொடர்ந்து இருந்தால், அதை இனி மேல்காற்றுக்கு எடுக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துத் தட்டு நெளிந்திருந்தால், சுடுநீரில் சில நிமிடம் ஊறவைத்துக் கடப்பா கல்லின் மேல் மட்டமாக ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். தேய்ந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். பின்காற்று நாளுக்கும், மூணாறு போகும்போது பைக்குள் வைக்கவும் அதுவே பொருத்தமான தட்டு.