ஆயில் லைட் மினுக்கும்போது

பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வண்டிக்காரர்கள் அடிக்கடி சொல்வது இது: "ஓடும்போது ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, வண்ணார்பேட்டை நெரிசல்ல நிக்கும்போதுதான் ஆயில் லைட் மினுக்குது." ஓடும்போது அணைந்துவிடுகிறதே என்று வாரக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள்.

பல வண்டிகளில் ஆயில் பிரஷர் (இன்ஜினுக்குள் ஆயிலைத் தள்ளும் அழுத்தம்) சுமார் 5 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கினால்தான் அந்த லைட்டே எரியும். அதாவது, பிரஷர் கிட்டத்தட்ட தீர்ந்த பிறகு. எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். ஒர்க்‌ஷாப் பக்கம்தானே என்று உருட்டிக்கொண்டு வந்தால் பேரிங்கோடு அதில் சுழலும் கிராங்க் தண்டும் போகும்.

அதற்காக, லைட்டைப் பார்த்ததுமே இன்ஜினை இறக்கச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். லைட்டை எரியவைக்கும் ஆயில் சுவிட்ச் கெட்டிருக்கலாம், வயர் பாடியில் உரசலாம். முதலில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. அளவு சரி என்றால் சுவிட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. ஆறிய இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பேரிங்கும் நல்ல பிரஷர் காட்டும். ஒவ்வொரு 1000 ஆர்.பி.எம்.முக்கும் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) 10 பி.எஸ்.ஐ. என்பது ஒர்க்‌ஷாப் கணக்கு. கம்பெனி மேனுவலில் உள்ள எண்தான் முடிவு.

பிசான நெல் சாகுபடிக்குத் தொழி அடிக்கும் (வயலைச் சேறாக்கி உழும்) நாட்களில் வரும் டிராக்டர்களில் வேறு ஒரு கூத்து. பிரஷர் முள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயிலோ மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். "ஆயில் குறையவே இல்லையே" என்று உரிமையாளருக்குச் சந்தோஷம் வேறு! ஆயில் தானாக ஏறுமா? முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். டீசலை அனுப்பும் ஃபீட் பம்ப்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து டீசல் சம்புக்குள் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கியிருக்கலாம். டயஃப்ரம், ஆயில், ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிட்டு மறுபடி கேஜ் பாருங்கள். இதற்குக் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லும் வைத்தியம் எனக்குப் பிடிப்பதில்லை. முள் ஏறும், டீசல் கலப்பது நிற்காது.

சூடான பிறகும் பிரஷர் அளவுக்கு மேலேயே நின்றால் அதிகப் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கலாம், அல்லது ஆயில் கிரேடு தவறாக இருக்கலாம்.

அப்புறம், சமீபத்தில் சம்ப் இறக்கி மாட்டியிருந்தால் மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். கசியாமல் இருக்க அள்ளிப் பூசிய கேஸ்கெட் பேஸ்ட் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, பம்ப் ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் சல்லடையை அடைத்துப் பிரஷரை இறக்கிவிடும். அப்போது ஆயில் பம்ப்பை மாற்றுவது வீண் செலவு. சம்பை இறக்கிச் சுத்தம் செய்தாலே வேலை முடியும்.