விமானத்துக்கு யார் கைக்குழந்தை? மதுரையிலிருந்து பிள்ளையோடு பறப்பவர்களுக்கு

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் பழகியவர்களுக்கு 'அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட் இல்லை' என்பது மனப்பாடம். அரசுப் பேருந்தில் 2022 முதல் அப்படித்தான். ரயிலிலும் தனி பெர்த் கேட்காதவரை 5 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. அதே கணக்கோடு பெருங்குடி விமான நிலையத்துக்குப் போனால் கவுண்டரில் மாட்டிக்கொள்வீர்கள். விமானத்தில் எல்லை 2 வயது.

2 வயது முடியாத பிள்ளை, வீடு முழுக்க ஓடித் திரிந்தாலும், விதிப்படி கைக்குழந்தைதான். கைக்குழந்தை டிக்கெட்டில் தனி சீட் கிடையாது, மடியில்தான் உட்கார வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு மடிக்குழந்தை மட்டுமே. இரட்டைப் பிள்ளைகள் இருவரையும் மடியில் வைப்பதென்றால் இரண்டு பெரியவர்கள் வேண்டும். கட்டணம் சிறிதுதான், ஆனால் டிக்கெட்டில் பெயர் இருந்தே ஆகவேண்டும். "இடுப்புல இருக்குற புள்ளைக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?" என்று எங்கள் அத்தை கேட்டது நியாயமான கேள்விதான், விமானத்தில் செல்லாது.

வயதைப் பயண நாளில் பார்ப்பார்கள், டிக்கெட் எடுத்த நாளில் அல்ல. திரும்பி வரும் பயணத்துக்கும் இதேதான். போகும்போது 23 மாதம், ஊரில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுத் திரும்புகிறீர்கள் என்றால் வரும்போது பிள்ளைக்குத் தனி சீட் வாங்கியிருக்க வேண்டும். அதனால் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பெற்றோர் கூட வரும் சிறு பிள்ளைக்கு நிலைய வாசலில் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். விமான நிறுவனத்தின் கவுண்டரில் வயதுச் சான்று கேட்பார்கள். வாசலில் விட்டுவிட்டார்களே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். சிங்கப்பூர், துபாய், கொழும்பு என்றால் பச்சைக் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும்.

2 வயது தாண்டிய பிள்ளைக்கும் ஓர் உரிமை உண்டு. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தாயை 4-வது வரிசையிலும் பிள்ளையை 19-வது வரிசையிலும் போட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி சாமான். சாதாரண வகுப்பில் கைப்பை ஒன்று, பொதுவாக 7 கிலோ. இதற்கு மேல் கொண்டுபோகலாம் என்று டிஜிசிஏ தரும் பட்டியலில், பயணத்தின்போது குழந்தைக்குக் கொடுக்கும் உணவும் குழந்தையைத் தூக்கிச்செல்லும் கூடையும் இருக்கின்றன, குழந்தை கூட வந்தால். பலருக்கு இது தெரியாமல் பால்புட்டி, சத்துமாவு, பிளாஸ்க் எல்லாவற்றையும் 7 கிலோவுக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லி திரவக் கட்டுப்பாடு உண்டு. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு இருக்கிறது, பயணத்துக்குத் தேவையான அளவு வரை. சேலைத் தொட்டிலுக்கான ஸ்பிரிங், கொக்கி, கட்டை மூன்றையும் கைப்பையில் வைக்காதீர்கள். எக்ஸ்ரே திரையில் அந்த இரும்பைப் பார்த்தால் பையைப் பிரிக்கச் சொல்வார்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

மடக்கும் தள்ளுவண்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் இலவசமாக ஏற்றுகின்றன. கவுண்டரில் அதற்கு டேக் கட்டி வாங்கிக்கொண்டால் விமானம் வரை பிள்ளையை அதிலேயே தள்ளிப் போகலாம். இங்கிருந்து சென்னைக்குச் சின்ன ஏடிஆர் விமானங்களும் ஓடுகின்றன. அவற்றில் பின்கதவு வழியாகப் படியேற வேண்டும். தள்ளுவண்டியை மடக்கிக் கீழேயே கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை. வண்டியை ஒற்றைக் கையால் மடக்கத் தெரியுமா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இறங்கும்போது அது படியடியில் வருமா, லக்கேஜ் பெல்ட்டில் வருமா என்று ஏறும்முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் கட்டும் கேரியர் இதைவிட வசதி. ஆனால் இரண்டு இடத்தில் அவிழ்க்க வேண்டியிருக்கும். விமான நிலையப் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப் சோதனையில் பிள்ளையை வெளியே எடுத்து, கேரியரை டிரேயில் போட வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தாலும் விதி அதுதான். விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் கேரியரை அவிழ்த்து, பிள்ளையை மடியில் வைத்து, உங்கள் பெல்ட்டில் கோத்துத் தரும் குட்டி பெல்ட்டைப் போடச் சொல்வார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அவசர வழி வரிசையில் மடிக்குழந்தையோடு உட்கார விடமாட்டார்கள்.

என் தங்கை மகனின் தள்ளுவண்டி ஒருமுறை பெல்ட்டில் வந்தபோது முன்சக்கரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுகிறான், ஆட்டோ காத்திருக்கிறது, அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் போன் செய்தால், "சார், அங்கேயே ரிப்போர்ட் போட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. டேக் கட்டிய வண்டியும் பதிவுசெய்த சாமான்தான். உள்நாட்டுப் பயணத்தில் சாமான் சேதத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய். எழுத்துப் புகாருக்கு 7 நாள் அவகாசம் உண்டு. நிலையத்தை விட்டு வெளியேறும்முன் கொடுக்கும் ரிப்போர்ட்தான் வலுவான ஆதாரம். நிறுவனம் இழுத்தடித்தால் மத்திய அரசின் விமானப் பயணிகள் புகார்த் தளமான ஏர்சேவாவில் புகார் போடலாம், டேக்கின் கிழிந்த பாதியும் சேதத்தின் போட்டோவும் அதற்கு வேண்டும். வண்டியைக் கையில் வாங்கியதும் அங்கேயே விரித்து நாலடி தள்ளிப் பாருங்கள், ஆட்டோ காத்திருக்கட்டும்.