இரண்டு மீற்றர் தள்ளி நில்லுங்கள்

சாமத்திய வீட்டில் பிள்ளையைக் கிட்ட நின்று போனில் படம் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒளிந்துவிடும். அல்பத்துக்கு எடுக்க வந்தவர் தள்ளி நின்று எடுத்த படத்தில் அதே முகம் அழகாக இருக்கும். "அது விலை கூடின லென்ஸ்" என்று சொல்லிவிடுகிறோம். லென்சுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் மூக்கைத் திருத்தியது அவர் நின்ற தூரம்.

கணக்கு சின்னது. மூக்கு நுனியிலிருந்து காது ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கிறது. கமரா மூக்கிலிருந்து 40 சென்ரிமீற்றரில் இருந்தால் காதுக்கு 52. தூரம் கூடக் கூடப் பொருள் படத்தில் சிறுக்கும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு 30 சதவீதம் பெருத்து விழும். 2 மீற்றர் தள்ளிப் போனால் 200க்கு 212. வித்தியாசம் 6 சதவீதம்தான். எந்த லென்சைப் போட்டாலும் இந்த விகிதம் மாறாது.

2 மீற்றரில் நின்றபடி முகத்தால் படத்தை நிரப்புவதுதான் லென்சின் வேலை. ஃபுல் ஃபிரேம் கமராவில் (படம் பதியும் சென்சர் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரியது) 85 மில்லிமீற்றர் பிரைம் லென்சை, அதாவது சூம் இல்லாத லென்சை, போட்டு நிமிர்த்திப் பிடித்தால், அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் உயரம் அடங்கும். தலையிலிருந்து இடுப்பு வரை. விலை குறைந்த கமராக்களில் பெரும்பாலும் இருக்கும் சிறிய சென்சருக்கு 50 மில்லிமீற்றரே கிட்டத்தட்ட அதே அளவைத் தரும். முகப்படம் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டும் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது பின்னணி மங்கல். லென்சின் வாய் பெருத்தால் அது கூடும். எஃப் எண் என்பது குவியத்தூரத்தை (லென்சில் எழுதியிருக்கும் 85, 50 என்ற மில்லிமீற்றர்) ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்து வருவது. 85 எஃப் 1.8 லென்ஸ் என்றால், 85ஐ 1.8ஆல் வகுக்க 47 மில்லிமீற்றர் வாய். 50 எஃப் 1.8க்கு 28. கமராவோடு சேர்த்துத் தரும் 18-55 சூம் லென்சை 55இல் வைத்தால் எஃப் 5.6தான், 10 மில்லிமீற்றர் வாய். போனில் 4 அளவில்தான். அதனால் போன் மங்கலைக் கணக்குப் போட்டுப் பூசுகிறது, தலைமயிர் ஓரத்தில் அது அடிக்கடி பிழை விடும்.

இந்த வாயின் அளவுக்கு ஓர் அழகான பொருள் உண்டு. முகத்தில் குவித்துவிட்டால், மிகத் தொலைவில் உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் படத்தில் ஒரு வட்டமாக விரியும். முகத்தின் அளவுகோலில் அளந்தால் அந்த வட்டத்தின் விட்டம் வாயின் விட்டமேதான். 85 எஃப் 1.8இல் 47 மில்லிமீற்றர் என்றால் முக அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று! பின்னணி கிட்ட இருந்தால் வட்டம் சுருங்கும். ஆள் 2 மீற்றரில், சுவர் அவருக்கு 1 மீற்றர் பின்னால் என்றால் 47இல் மூன்றில் ஒன்று, 16தான். பின்னணி 20 மீற்றர் பின்னால் போனால் 43.

இங்கேதான் வன்னிக்காரருக்கு அதிர்ஷ்டம். இரணைமடுக் குளக்கட்டிலோ முத்தையன்கட்டு வயல்வெளியிலோ ஆளை நிறுத்தினால் பின்னணி எங்கேயோ இருக்கிறது. அங்கே 50 எஃப் 1.8 தரும் வட்டம் 25 மில்லிமீற்றருக்கு மேல். வவுனியாவில் ஒரு சிறிய ஸ்ரூடியோவுக்குள் சுவரை ஒட்டி 85 போட்டு எடுப்பதைவிட இது கூட. கடன்பட்டு 85 வாங்க நினைக்கும் பெடியள் முதலில் 50ஐக் கொண்டு வெளியில் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் வெயில் இருக்கிறதே. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் 16 என்றால் 1/100 செக்கன் ஒளியை உள்ளே விட்டால் போதும். எஃப் 1.8க்குத் திறந்தால் ஒளி ஏறக்குறைய 80 மடங்கு; 1/8000 செக்கன் வேண்டும். பல கமராக்கள் 1/4000க்கு மேல் போகாது. எஃப் 2.8க்கு மூடலாம், ஒளி குறைக்கும் கறுப்புக் கண்ணாடி போடலாம். என்னைக் கேட்டால் மருத மர நிழல்தான். இலை இடுக்கு வானமெல்லாம் வட்டங்களாக விரியும், முகத்திலும் கண்ணுக்குக் கீழ் கறுப்பு விழாது.

இவ்வளவு பெரிய வாய் பிரைம் லென்சில் மலிவாகக் கிடைப்பது எப்படி? முகப்படத்துக்கென்றே கணக்குப் போட்டு லென்ஸ் செய்தவர் வியன்னாவில் இருந்த ஜோசப் பெட்ஸ்வால், 1840இல். அது எஃப் 3.6, அதற்கு முந்திய ஆண்டு பிரான்சில் டாகர் வெளியிட்ட ஆரம்பகாலக் கமராக்களின் லென்சைவிட 15 மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விட்டது. 1896இல் சைஸ் நிறுவனத்தின் பால் ருடோல்ஃப் பிளானர் லென்சைச் செய்தார். துவாரத்தின் இரண்டு பக்கமும் வில்லைகள் ஏறக்குறைய கண்ணாடி விம்பம்போல ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். முன்பாதி செய்யும் கோணலையும் நிறப்பிசகையும் பின்பாதி பெரும்பாலும் அழித்துவிடும். இன்றைய மலிவான 50 எஃப் 1.8 லென்சுகள் பலவும் இந்த வழியில் வந்தவை, வில்லைகள் ஆறு ஏழுதான். சூம் லென்ஸ் ஒவ்வொரு குவியத்தூரத்திலும் பிழை திருத்த வேண்டும். வில்லைகள் கூடும், நகர வேண்டும். வாயைப் பெருப்பித்தால் பாரமும் விலையும் ஏறும்.

ஃபுல் ஃபிரேமில் 85ஐ எஃப் 1.8க்குத் திறந்து 2 மீற்றரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 6 சென்ரிமீற்றர் அளவில்தான். கிட்ட இருக்கும் கண்ணில் குவியுங்கள். காது மங்கினால் யாரும் கேட்கப்போவதில்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் சேர்ந்து நின்றால் எஃப் 4. அப்போதும் 13 சென்ரிமீற்றர்தான், இரண்டு முகத்தையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.