ஊட்டி ரயிலுக்குப் பல் எதற்கு?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் நீலகிரி மலை ரயிலில் எஞ்சினை முன்னால் தேடினால் கிடைக்காது. அது கடைசியில் நின்று பெட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு போகும். கல்லாறு வரை ஏறக்குறைய சமதளம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரண மீட்டர் கேஜ் ரயிலாகத்தான் ஓடும். அதற்கப்புறம்தான் வேலை. அங்கிருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரத்துக்குள் 1,300 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். செங்குத்தான இடங்களில் 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். காரில் போகிறவருக்கு இது பெரிய ஏற்றமாகத் தோன்றாது. ரயிலுக்கு இது மலைக்கவைக்கும் ஏற்றம்.

காரணம் உராய்வு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சதுர சென்டிமீட்டர் சொச்சம்தான். இரும்பின்மேல் இரும்பு அமுங்காமல் லேசாக உருளும் என்பதால்தான் சமதளத்தில் ஒரே எஞ்சின் ஆயிரக்கணக்கான டன்னை இழுக்கிறது. ஆனால் பிடிமானமும் குறைவு, மலையில் அதுதான் வினையாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் 50 டன், அந்த எடை முழுவதும் இயக்கும் சக்கரங்களின் மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளம் காய்ந்திருந்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 டன் விசைவரை சக்கரம் வழுக்காமல் தள்ளும். 12க்கு 1 சாய்வில் எஞ்சினின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல் பின்னுக்கு இழுக்கும். மிச்சம் 6 டன்னை வைத்து 70 டன் பெட்டிகளைத் தள்ளலாம். பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது மழை தூறட்டும், அல்லது நீலகிரியில் பஞ்சமே இல்லாத மூடுபனி தண்டவாளத்தை நனைக்கட்டும். பிடிமானம் பத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். 5 டன் விசையில் எஞ்சின் தன்னை ஏற்றிக்கொள்ளவே 4 டன்னுக்கு மேல் போய்விட்டால், மிச்சம் பத்து டன் சுமைக்குத்தான் காணும். ஆட்களோடு ஒரு பெட்டியைக்கூடத் தள்ள முடியாது.

மற்ற மலை ரயில்கள் இந்தச் சிக்கலைச் சுற்றிப்போய்த் தீர்த்துக்கொண்டன. டார்ஜிலிங் ரயில் வளையம் போட்டும் முன்னும் பின்னும் மடங்கியும் ஏறுகிறது. கால்கா–சிம்லா பாதை 96 கி.மீ. நீளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் குடைந்து, சாய்வை 33க்கு 1 என்ற அளவில் அடக்கிக்கொண்டது. குன்னூர் மலைச்சரிவில் அப்படி நீட்டி மடக்கிப் போட இடம் இல்லை. நேராக ஏறுவதென்றால் உராய்வை நம்பாத வழி வேண்டும்.

அந்த வழி ஏற்கெனவே சுவிட்சர்லாந்தில் இருந்தது. ரிகி மலையில் 1871இல் நிக்லாஸ் ரிகன்பாக் ஏணி போன்ற ஒரு சட்டத்தைத் தண்டவாளங்களுக்கு நடுவே கிடத்தி, எஞ்சினின் பல்சக்கரத்தை அதில் ஏறவைத்திருந்தார். அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட், 1882இல் அதைவிட நல்ல ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் பாதை திறக்கப்பட்டது. இந்தியாவில் பல்சக்கர ரயில் இது ஒன்றுதான்.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ரயில் நிற்கும் நிலையத்தில் பெட்டியிலிருந்து இறங்கித் தண்டவாளத்துக்கு நடுவே குனிந்து பார்க்கலாம். இரண்டு எஃகுச் சட்டங்கள் 44 மி.மீ. இடைவெளியில் அருகருகே, தண்டவாளத்தைவிட 65 மி.மீ. உயரத்தில் ஓடும். இரண்டிலும் மேல்நோக்கிய பற்கள். உற்றுப் பார்த்தால் தெரியும்: ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றச் சட்டத்தில் பள்ளம் இருக்கும். ஆப்டின் மூளை முழுக்க இந்த அரைப்பல் விலகலில்தான் இருக்கிறது. ஒற்றை வரிசையாக இருந்தால் ஒரு பல் விடுபட்டு அடுத்தது பிடிக்கும் கணத்தில் ஒரு குலுங்கல் வரும், தேய்மானமும் கூடும். இங்கே ஒரு வரிசை விடும்போது மற்றது பிடித்திருக்கும். தென்னை ஏறுபவர் கையை எடுக்கும்போது கால் மரத்தை இறுக்கியிருப்பதுபோல. வளைவுகளில் பல்சக்கரம் சட்டத்தை விட்டு நழுவாமல் இருப்பதற்கும் இதுவே துணை.

ஓடிவரும் பல்சக்கரம் சட்டத்தின் முதல் பல்லில் போய் எப்படிச் சரியாகப் பொருந்தும்? பல்லோடு பல் மோதினால் இரண்டில் ஒன்று உடையும். அதனால் சட்டத்தின் நுழைவுத் துண்டை மட்டும் வில்கம்பிகளின் மேல் மிதக்கவிட்டிருக்கிறார்கள். ரயில் ஊர்ந்து வந்து நுழையும். பற்கள் மோதினாலும் துண்டு அமுங்கி எழுந்து, ஓரிரு பற்களுக்குள் பொருந்திவிடும்.

எனக்கு இந்த ரயிலில் மிகவும் பிடித்தது எஞ்சின்தான். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை இந்தப் பாதைக்கென்றே கட்டிக்கொடுத்த எக்ஸ் வகை எஞ்சின், உண்மையில் ஒரே கொதிகலனைப் பங்குபோடும் இரண்டு எஞ்சின்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் தெரியும். கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், மேலே இருப்பது பல்சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறு வரை மேல் சிலிண்டரின் பிஸ்டன் தண்டு அசையாமல் கிடக்கும். ஏற்றம் தொடங்கியதும் அதுவும் ஆடத் தொடங்கும். கொதிகலனின் புது நீராவி முதலில் கீழ் சிலிண்டருக்குப் போய் அழுத்தத்தில் ஒரு பகுதியை இழந்து, பிறகு மேல் சிலிண்டருக்கு ஏறி அங்கேயும் வேலை செய்துவிட்டுத்தான் புகைபோக்கி வழியே வெளியேறும். ஒரே நீராவிக்கு இரண்டு முறை வேலை.

இரண்டையும் ஒரே தண்டில் பூட்டியிருந்தால் என்ன? சாதாரணச் சக்கரம் ஓட ஓடத் தேய்ந்து விட்டம் குறையும். பல்சக்கரமோ சட்டத்தின் பல்லிடைவெளிக்கு ஏற்ப எத்தனை சுற்று சுற்ற வேண்டுமோ அத்தனைதான் சுற்றும். பூட்டிவைத்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பல்லை உடைக்கும். நீராவியால் மட்டும் இணைத்துவிட்டால் இரண்டும் தத்தம் வேகத்தில் போகலாம். நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த ஏற்பாட்டை இன்றும் மாற்றத் தேவை வரவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகச் செய்த எஞ்சின்களும் பழைய வடிவத்தை ஒட்டியவைதான்.

“ஆசியாவிலேயே செங்குத்தான ரயில்” என்று பலரும் எழுதுகிறார்கள். ஜப்பானில் இகாவா பாதையில் 1990இலிருந்து இதே ஆப்ட் பல்சட்டத்தில் ஒரு ரயில் ஏறுகிறது. அங்கே ஆயிரம் மீட்டருக்கு 90 மீட்டர் ஏற்றம், நம்முடையது 83. பெருமைப்பட வேறு எவ்வளவோ இருக்க, இந்தப் பட்டத்தை விட்டுவிடலாம்.

குன்னூருக்கு மேல் சாய்வு தணிந்துவிடும், பல்லுக்கு வேலை இல்லை, டீசல் எஞ்சின் பொறுப்பேற்கும். வழியில் உள்ள லவ்டேல் நிலையம் ஊட்டியைவிட உயரத்தில் இருப்பதால் கடைசிக் கொஞ்ச தூரம் ரயில் இறங்கித்தான் ஊட்டிக்குள் நுழையும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏற்றத்தின் கதை. இந்தப் பாதையை வடிவமைத்தவர்களுக்குத் தூக்கம் கெடுத்தது இறக்கமாகத்தான் இருந்திருக்கும். 100 டன் ரயில் 1,300 மீட்டர் இறங்கினால் சுமார் 350 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படும். 500 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க அது போதும். இவ்வளவு வெப்பத்தையும் பிரேக் கட்டைகள் மேல் சுமத்தினால் குன்னூர் தாண்டிச் சில கி.மீ.க்குள் அவை பழுத்துப் பிடிமானம் இழந்துவிடும்.

எனவே இறங்கும்போது எஞ்சினே பிரேக்காகிறது. டிரைவர் நீராவியை அடைத்துவிட்டு, சிலிண்டர்கள் வெளிக்காற்றை உறிஞ்சும்படி திருப்பிவிடுவார். சக்கரங்கள் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை அழுத்த, அந்த எதிர்ப்பு ரயிலைப் பிடித்துவைக்கும். காற்று வெளியேறும் வழியைக் குறுக்கினால் பிடி இறுகும். அழுத்தப்பட்ட காற்று சூடேறி சிலிண்டரைக் கெடுக்காமலிருக்க உள்ளே கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சப்படும். வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது ஆவியாகப் போய்விடும். இதற்கு மேல் எஞ்சினில் வெற்றிட பிரேக், கைப்பிரேக், பல்சக்கரத்தையே பிடிக்கும் தனி பிரேக் எல்லாம் உண்டு.

ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின்மேல் சாய்ந்து நிற்குமே தவிர மலையடிவாரம் நோக்கி ஓடாது. ஆனால் பின்னால் நின்று தள்ளும் டிரைவருக்கு முன்னே உள்ள பாதை தெரியாது. அதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் கொடியோடு ஒரு பிரேக்மேன். பாதையில் மரமோ யானையோ கல்லோ கிடந்தால் முதல் பெட்டிக்காரர் கொடி காட்டுவார், அடுத்தடுத்தவர்கள் அதைக் கைமாற்றி எஞ்சின்வரை கொண்டுபோவார்கள். டிரைவர் விசிலால் பதில் சொல்வார். ஒவ்வொரு பிரேக்மேனின் கையருகேயும் இரண்டு பிரேக்: ஒன்று சாதாரணச் சக்கரத்துக்கு, மற்றது அந்தப் பெட்டியின் சொந்தப் பல்சக்கரத்துக்கு. எஞ்சினின் உதவியே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பெட்டியையும் அதிலிருக்கும் ஆளே பல்சட்டத்தில் பூட்டி நிறுத்த முடியும்.